இரண்டு மகள்கள், ஒரு பாலம்: ஸ்கூட்டரா, வேனா, ஆட்டோவா, பள்ளிப் பேருந்தா?

எங்கள் வீடு திருச்சி ஸ்ரீரங்கம். பிள்ளைகள் படிப்பது தில்லைநகர். தூரம் என்று பார்த்தால் ஆறு கிலோமீட்டருக்குப் பக்கம்தான், ஆனால் நடுவில் காவிரி ஓடுகிறது, காலை எட்டு மணிக்கு அந்தப் பாலத்தில் ஊரே நிற்கிறது. பெரியவள் நாலாம் வகுப்பு, சின்னவள் யூகேஜி. கணவருக்குத் திருவெறும்பூர் பக்கம் வேலை, ஆறே முக்காலுக்கே கிளம்பிவிடுவார். ஆக, காலை நேரம் முழுக்க என் கணக்கு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மூன்று வருஷத்தில் எல்லா வழியையும் முயன்று பார்த்தாகிவிட்டது. தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொல்கிறேன், இந்த முறை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஸ்கூட்டர். எல்லோரும் இதில்தான் ஆரம்பிப்போம், நானும் அப்படித்தான். சின்னவள் முன்னால் நின்றுகொள்வாள், பெரியவள் பின்னால் என்னைக் கட்டிக்கொள்வாள், இரண்டு பையும் கால் வைக்கும் இடத்தில். பாலத்தில் நெரிசல் என்றால் ஓரமாக நுழைந்து போய்விடலாம், பெட்ரோல் மாதம் ஆயிரத்துச் சொச்சம், வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை இருபது நிமிஷம். வேகத்திலும் சுதந்திரத்திலும் இதை அடிக்க எதுவும் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டு குழந்தைகள் என்றதும் ஸ்கூட்டர் சட்டப்படியே அடிபட்டுப் போகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 128ஆம் பிரிவின்படி ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம். குழந்தை சின்னதுதானே என்ற சலுகை எல்லாம் அதில் இல்லை. பிடித்தால் 1,000 ரூபாய் அபராதம், உரிமமும் மூன்று மாதம் போய்விடும். நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். நாலு வயதுக்குக் கீழே என்றால் 2023 பிப்ரவரி 15 முதல் அதற்குத் தனி விதியே இருக்கிறது: குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, குழந்தைக்கு அளவான ஹெல்மெட், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. எங்கள் தெருவில் அந்தப் பட்டையை நான் ஒருவரிடமும் பார்த்ததில்லை. என்னிடமும் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் புத்தி வந்தது சட்டத்தால் இல்லை. மாம்பழச்சாலை ரவுண்டானா அருகே ஒரு நாய் குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தேன், அவ்வளவுதான். வேகம் இருபதுகூட இருக்காது. முன்னால் நின்றிருந்த சின்னவளின் தாடை ஹேண்டில்பாரில் இடித்தது, மூன்று தையல். முன்னால் நிற்கும் குழந்தைக்குப் பிடிமானம் என்று எதுவும் கிடையாது, வண்டி நின்றாலும் அது நிற்காது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கு முன் ஒரு வருஷம் தினமும் அப்படித்தான் கூட்டிப்போனேன், நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்து, பள்ளியைச் சேராத தனியார் வேன். ஒரு பிள்ளைக்கு மாதம் 1,700, இரண்டு பேருக்கு 3,400. நாம் கூடப் போகாமல் அனுப்பும் வழிகளில் இதுதான் மலிவு, தெருமுனைக்கே வரும். நம் ஊரில் பாதிப் பேர் இதைத்தான் எடுக்கிறோம். குறை என்னவென்றால், பதினாலு பிள்ளைகளுக்கு டிரைவர் ஒருவர்தான். ஏற்றுவது, இறக்குவது, கதவை அடைப்பது, பின் சீட்டுச் சண்டையைத் தீர்ப்பது எல்லாமே அவர். ஒருநாள் சின்னவள் தூங்கிப்போய், எங்கள் தெருவைத் தாண்டித் திருவானைக்காவல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, முன்னால் பார்த்து ஓட்டுகிறவர் பின்னால் யார் தூங்குகிறார் என்று எப்படிப் பார்ப்பார்? வேனுக்கு விடுவதாக இருந்தால் நம்பர் பலகையைப் பாருங்கள். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு ஓட்டவே கூடாது.

டவுன் பஸ்ஸையும் விட்டுவைக்கவில்லை. அரசு சாதாரணப் பஸ்ஸில் 2021 மேயிலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆக எங்கள் மூன்று பேருக்கும் செலவு பூஜ்யம். ஆனால் திருச்சியில் தனியார் பஸ்கள் நிறைய, அவசரத்துக்கு வருவது அதுதான், அதில் இலவசம் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளி வரை நடையும் உண்டு. காலை எட்டு மணிக் கூட்டத்தில் யூகேஜிக் குழந்தையின் முகம் பெரியவர்களின் இடுப்பு உயரத்தில்தான் இருக்கும், மூச்சு முட்டும். ஒரு வாரம் போனோம், போதும் என்றாகிவிட்டது. பெரியவள் ஏழாவது, எட்டாவது வரட்டும், அப்போது இதுதான் சரி.

ஆட்டோ எங்களுக்கு நன்றாகவே அமைந்தது. ஆட்டோ ஓட்டும் அண்ணன் தெரிந்தவர், நேரம் தவறமாட்டார், "பாப்பா, தண்ணி பாட்டில் எடுத்தியா?" என்று என்னைவிட ஞாபகமாகக் கேட்பார். முழு மாதத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 4,500. பக்கவாட்டில் கதவில்லாத வண்டி, மழை என்றால் தார்ப்பாயைத் தாண்டி நனைக்கும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பெரிய பயம் வேறு, அவருக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் மாற்றாள் கிடையாது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் அவருக்குக் கோயில் சவாரி வேறு நிறைய இருக்கும். அந்த நாட்களில் எங்கள் பக்கம் வண்டி கிடைப்பதே பெரிய பாடு, அவர் எங்களுக்காக விட்டுக்கொடுப்பார்தான், ஆனால் அவர் பிழைப்பைக் கெடுக்கிறோமே என்று எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

கடைசியாகப் பள்ளிப் பேருந்து. ஒரு பிள்ளைக்கு வருஷம் 24,000, பத்து மாதம் என்று பிரித்தால் 2,400. இருப்பதிலேயே விலை அதிகம். வளைந்து வளைந்து போய்ப் பிள்ளைகளை ஏற்றுவதால் நேரமும் அதிகம், ஏழு இருபதுக்கே தெருமுனையில் நிற்க வேண்டும், இரண்டு தலைக்கும் பின்னி முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளும். ஆனாலும் நான் இங்கேதான் வந்து நின்றேன். காரணம், உள்ளே ஓர் ஆயா இருக்கிறார். கையைப் பிடித்து ஏற்றுகிறார், கையைப் பிடித்து இறக்குகிறார், தூங்கினால் எழுப்புகிறார்.

இது பள்ளியின் தயவில் வந்ததில்லை. 2012 ஜூலையில் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்துபோனாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, அதே வருஷம் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி எல்லாம் அதில்தான். வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன் வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கிறார்கள். நாலு இடத்தில் சமரசம் இருக்கலாம், ஆனாலும் கேள்வி கேட்க ஒரு விதியாவது இருக்கிறது. வேனைப் பற்றி நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இதிலும் ஒரு சிக்கல் உண்டு, இரண்டு பிள்ளை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சின்னவளுக்குப் பள்ளி பன்னிரண்டரைக்கு முடிகிறது, பெரியவளுக்கு மூன்றே முக்காலுக்கு. கேஜி பிள்ளைகளுக்கான மதிய ட்ரிப் பாலம் தாண்டாது. கட்டணம் மட்டும் முழுசாக வாங்குகிறார்கள். பாதி குறைக்கக்கூடாதா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி, நான் கன்டோன்மென்ட்டில் ஆபீஸில் இருப்பேன். அதனால் மதியம் மட்டும் அதே ஆட்டோ அண்ணன், வேறு மூன்று பிள்ளைகளோடு சேர்த்துக் கூட்டிவருகிறார், அதற்கு மாதம் 1,300.

மொத்தம் 6,100. வேனைவிட 2,700 ரூபாய் அதிகம். கணவர் முதலில் முகத்தைச் சுளித்தார். ஒரு வாரம் மதியம் லீவு போட்டு அவரே போய்ச் சின்னவளைக் கூட்டிவந்தார், அப்புறம் பேச்சில்லை. காசு இடிக்கிறது என்றால் என் அடுத்த ஓட்டு ஆட்டோவுக்குத்தான், வேனுக்கு இல்லை. ஒரே பிள்ளை, அதுவும் ஆறு வயதுக்கு மேல், தலையில் ஹெல்மெட் என்றால் ஸ்கூட்டரே போதும், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடலாம்.

ஜூனில் சின்னவள் ஒன்றாம் வகுப்பு போகிறாள், இரண்டு பேருக்கும் ஒரே மணி அடிக்கும், மதிய ஆட்டோ தேவைப்படாது. இதை அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவரே போன வாரம், "அடுத்த வருஷமும் நம்ம வண்டிதானே அக்கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சின்னவள் "ஆமா" என்று சொல்லிவிட்டாள்.