40 யூனிட் பேட்டரியில் நம் கைக்கு வருவது எவ்வளவு? கம்பம்–குமுளி பாதையில் நான்கு வருட அனுபவம்

கம்பத்தில் வீடு, குமுளியில் ஏலக்காய், மிளகுக் கடை. நான்கு வருடமாக மின்சாரக் காரில்தான் மலை ஏறி இறங்குகிறேன். 68,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது.

வாங்கும்போது 40 யூனிட் பேட்டரி என்றார்கள். ஓட்டுவதற்குக் கிடைப்பது எவ்வளவு என்று கேட்டேன். "நாற்பதுமே உங்களுக்குத்தான் சார்" என்றார் ஷோரூம்காரர். அது சரியல்ல. லித்தியம் செல்லை விளிம்பு வரை நிரப்பினாலும், அடிவரை வடித்தாலும் அது சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் கம்பெனிகள் மேலேயும் கீழேயும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் பூட்டிவிடுகின்றன. ஃபோக்ஸ்வாகன் ஐடி வரிசைக் கார்களில் 82 யூனிட் பேட்டரிக்கு 77தான் பயன்பாட்டுக்கு. ஆடி இ-ட்ரானில் 95-க்கு முதலில் 83.6 கொடுத்தார்கள், பிறகு பேட்டரியை மாற்றாமலேயே 86.5 ஆக்கினார்கள். பூட்டு எங்கே என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

என் வண்டியில் எவ்வளவு என்பதை நானே அளந்தேன். 100 சதவீதத்தில் கிளம்பி மதுரை போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் 12 சதவீதம். ட்ரிப் மீட்டரில் செலவு 32.4 யூனிட். 88 சதவீதத்துக்கு 32.4 என்றால் முழுசுக்கு 36.8. வீட்டு மீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போவதும் அதில் சேர்ந்துவிடும். எனக்கு அது பத்து சதவீதத்துக்குப் பக்கம் வருகிறது.

மூன்று யூனிட் குறைந்தால் என்ன என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரு மழை நாள் சாயங்காலம் வரை. தேனியிலிருந்து சரக்கோடு நேரே குமுளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் 8 சதவீதம். திரையில் இன்னும் 22 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. மலைப்பாதை ஆறேழு கிலோமீட்டர்தான். டீக்கடைக்காரர், "அதான் இருபத்திரண்டு காட்டுதேண்ணே, ஏறிரலாம்ல?" என்றார். நான் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். 8 சதவீதம் என்றால் கையில் இருப்பது மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையை 450 மீட்டர் உயரம் தூக்கவே இரண்டு யூனிட்டுக்கு மேல் வேண்டும். சாலையில் உருள இன்னொரு யூனிட். திரை காட்டிய 22, தேனி ரோட்டுச் சமதளக் கணக்கு. கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டால் பின்னால் வரும் லாரிக்கும் வழி கிடையாது. அவர் கடையிலேயே 15 ஆம்பியர் பிளக்கில் ஒன்றரை மணி நேரம் போட்டுவிட்டுத்தான் ஏறினேன். அன்றிலிருந்து லோயர் கேம்ப்பில் 18-க்குக் குறைந்தால் ஏறுவதில்லை.

இறங்கும்போது கதை மாறும். பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப்பில் கரண்ட் ஆகிறதே, அதே உயரம் நம் பேட்டரிக்கும் ஒரு யூனிட்டுக்கு மேல் திருப்பித் தருகிறது. ஆனால் உள்ளே இடம் இருந்தால்தான். ஒருமுறை குமுளியிலேயே 100 வரை ஏற்றிவிட்டு இறங்கினேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் கரண்ட் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும், அந்த இழுவைதான் வழக்கமாக வண்டியைப் பிடித்து நிறுத்தும். அன்று பேட்டரியில் இடமில்லாததால் அது இல்லவே இல்லை. கீழே வருவதற்குள் பிரேக் வாடை அடித்தது. இப்போது மேலே சார்ஜ் போட்டால் 85-லேயே கழற்றிவிடுவேன்.

அதற்காக எப்போதும் 85-லேயே நிறுத்துவதும் என் வண்டிக்குச் சரிப்படாது. இது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைப் பேட்டரி. இதில் பாதி நிறைந்தாலும் முக்கால் நிறைந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் சதவீதக் கணக்கு மெல்லப் பிசகும். வாரம் ஒருமுறை கம்பத்து வீட்டில் 100 வரை ஏற்றுகிறேன். அதைச் செய்யாமல் இரண்டு மாதம் விட்டபோது 17-இலிருந்து ஒரே தாவலில் 11-க்கு இறங்கியது.

போன மாதம் அதே மதுரைப் பயணத்தை மறுபடி அளந்தேன். 88 சதவீதத்துக்கு 30.6 யூனிட், முழுசுக்கு 34.8. நான்கு வருடத்தில் இரண்டு யூனிட் போயிருக்கிறது. பழைய மின்சாரக் கார் வாங்க வருகிறவர்கள் கிலோமீட்டர் எண்ணைப் பார்ப்பதற்கு முன், ஒரு நாள் வண்டியை இரவல் வாங்கி இந்த ஓட்டத்தை ஓட்டிப் பாருங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் நான் வாங்கமாட்டேன்.