பழைய பங்களாத் தோட்டத்தைத் திறக்க பிரஷ் கட்டர்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

1792-இல் பாரமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம் கிழக்கிந்தியக் கும்பினி வசமான பிறகு அங்கே வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டிக் குடியிருந்தார்கள். அப்படிப்பட்ட வீடு இடிந்துபோனாலும் தோட்டத்துக் கல்மேடையும் தாங்குசுவரும் லேசில் போகாது. மேலே உண்ணிச்செடி (லாண்டனா) ஆளுயரம் மூடியிருக்கும், அவ்வளவுதான். அதை வெட்டப் பலரும் வாடகைக்கு எடுப்பது ஹோண்டா ஜிஎக்ஸ்35 எஞ்சின் வைத்த பிரஷ் கட்டர், அதாவது கையில் பிடித்துப் புல்லும் புதரும் வெட்டும் மெஷின்.

நல்ல மெஷின். 35.8 சிசி, நான்கு ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை. ஆனால் எஞ்சினுக்குள் பிடிக்கும் ஆயிலே 100 மில்லிதான். கொஞ்சம் குறைந்தாலும் எஞ்சின் காய்ந்துவிடும். கடையிலேயே சமதளத்தில் வைத்து மூடியைத் திறந்து பாருங்கள்.

புல்லுக்கு நைலான் கயிறு, புதருக்கு மூன்று பல் பிளேடு, தடித்த தண்டுக்கு கார்பைடு பல் வைத்த வட்ட பிளேடு. பிளேடு நட்டுக்கு இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் இன்னும் இறுகித்தான் போகும். பிளேடின் இடப்பக்கத்தால் வெட்டுங்கள். வலது முன்பக்கம் தண்டில் பட்டால் மெஷின் உதறித் தள்ளும்.

உண்ணிச்செடியை இது ஒழிக்காது. தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழு சொன்ன வழிதான் சரி: மண்ணுக்கு ஓரிரு அங்குலம் கீழே வேர்க்கட்டையை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். காய் பழுக்கும் முன் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குருவிகள் விதையைப் பரப்பிவிடும். இதற்குக் கடப்பாரையும் மண்வெட்டியும்தான் வேண்டும்.

தாங்குசுவருக்கு இரண்டடி முன்பே மெஷினை நிறுத்திவிடுங்கள். கருங்கல்லில் பட்டால் பிளேடின் பல் பறக்கும்; நைலான் கயிறோ கல்சந்துச் சுண்ணாம்பை அரித்து எடுத்துவிடும். சுவரோரம் கொடுவாள் போதும். சந்தில் முளைத்த அரசு, ஆலங்கன்றைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். ஒட்ட அறுத்து, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளி, வேர் செத்த பிறகு சுண்ணாம்பு 1, மணல் 3 கலந்து அடையுங்கள். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பக்கத்துச் சுண்ணாம்பு பொடியாகும்.

சுவரின் அடியில் தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் வேரும் மண்ணும் அடைத்துக் கிடக்கும். அவற்றைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் பின்மண் ஊறினால் சுவர் வயிறு தள்ளிச் சரியும். எனவே மெஷின் எடுக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது.