கிரேடிங்குக்கு அனுப்பும் முன்: விளக்கு, அளவுத் தகடு, லூப்

போகிமான் கார்டுகளை கிரேடிங்குக்கு, அதாவது கார்டின் நிலையைப் பார்த்து 10 வரை மதிப்பெண் தரும் நிறுவனங்களுக்கு, அனுப்ப ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இதற்கென்று வாங்கிய சாமான்களில் எனக்கு அதிகம் உதவுவது சாதாரண எல்.ஈ.டி. மேசை விளக்குதான். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சின்னக் கண்ணாடிக்கு மூன்றாவது இடம்.

அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒளி கார்டின் மேல் சாய்வாக விழும்படி மேசை விளக்கைத் தாழ்த்திக்கொள்கிறேன். கார்டு அதன் ஸ்லீவுக்கு (மெல்லிய பிளாஸ்டிக் உறை) வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்லீவில் உள்ள கீறலைக் கார்டின் கணக்கில் எழுதிவிடுவோம். ஓரங்களைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தால், நேராகப் பார்க்கும்போது சுத்தமாக இருந்த ஹோலோ (பளபளக்கும் ஃபாயில்) பகுதியில் ஏதோ ஒரு கோணத்தில் கோடுகள் பளிச்சென்று எழும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓடினால் பெரும்பாலும் பிரிண்ட் லைன், அச்சிடும்போதே விழுந்தது. திசை மாறிக் குட்டையாக இருந்தால் அது உராய்ந்த கீறல். கிரேடருக்கு இரண்டும் குறைதான். அதனால்தான் பாக்கெட்டிலிருந்து நேராக ஸ்லீவுக்குப் போன கார்டுக்கும் 10 உறுதியில்லை. நகம் அழுத்திய சின்னப் பள்ளமும் இந்த ஒளியில்தான் மாட்டும். பள்ளத்தைக் காட்டிக்கொடுப்பது நிழல், அதை எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்பதல்ல.

அடுத்து பின்பக்கம். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்பக்கத்தைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். பழைய ஆங்கிலக் கார்டுகளின் மஞ்சள் விளிம்பில் தேய்மானம் கண்ணுக்குத் தப்பிவிடும். பின்பக்க நீல விளிம்பிலோ மை உரிந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் புள்ளிபுள்ளியாக எட்டிப்பார்க்கும். டாப்ஸ் நிறுவனத்தின் 1971 பேஸ்பால் கார்டுகள் நல்ல நிலையில் கிடைப்பது அரிது என்பதற்கும் இதுதான் காரணம். அவற்றுக்கு முன்பக்க விளிம்பே கறுப்பு.

சென்டரிங்குக்கு, அதாவது அச்சு நடுவில் இருக்கிறதா என்று பார்க்க, கோடு போட்ட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு வைத்திருக்கிறேன். பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் நிறுவனத்தில் 10 கிடைக்க, எதிரெதிர் விளிம்புகளின் அகல விகிதம் முன்பக்கம் 55/45, பின்பக்கம் 75/25 என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். இடது, வலது விளிம்புகள் சேர்ந்து 6 மி.மீ. என்றால் 3.3-க்கு 2.7 வரை சரி. 3.6-க்கு 2.4 ஆகிவிட்டால் அது 60/40. இடையில் இருப்பது வெறும் 0.3 மி.மீ. நகர்வு, கண் மதிப்பில் பிடிக்க முடியாது. போன் ஆப்களும் பயன்படுத்திப் பார்த்தேன். போன் கொஞ்சம் சாய்ந்தாலே ஒரு விளிம்பு அகலமாகத் தெரிகிறது, அதனால் விட்டுவிட்டேன். ஓரம்வரை படம் இருக்கும் ஃபுல் ஆர்ட் கார்டுகளில் தகட்டை முன்பக்கம் வைத்துப் பயனில்லை, பின்பக்கத்தைத்தான் அளக்கிறேன்.

லூப் கடைசியில்தான். கண்ணுக்குச் சந்தேகம் தட்டிய மூலையை உறுதிசெய்ய அது அருமையான கருவி. முதலிலேயே எடுத்தால், காகித நார்கூடக் குறையாகத் தெரிந்து நல்ல கார்டையும் ஒதுக்கிவிடத் தோன்றும்.

இவற்றைவிட எனக்கு அதிகம் கற்றுத்தந்தது ஒரு சின்ன நோட்டு. அனுப்பும் முன் சென்டரிங், கார்னர், எட்ஜ், சர்ஃபேஸ் நான்குக்கும் என் மதிப்பெண்ணை எழுதிவைப்பேன். பி.எஸ்.ஏ. ஒரே எண்தான் தரும், எதில் குறைந்தது என்று அதிலிருந்து தெரியாது. பெக்கெட் என்ற இன்னொரு கிரேடிங் நிறுவனத்தில் நான்குக்கும் தனித்தனி மதிப்பெண் வாங்க முடியும். ஆரம்பத்தில் சில கார்டுகளை அங்கே அனுப்பி, நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கார்னரில் என் கணிப்பு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. சர்ஃபேஸில்தான் இன்னும் இடிக்கிறது.

நம் கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. புழுக்கத்தில் காகிதம் ஈரத்தை இழுக்கும், மேலே உள்ள ஃபாயில் இழுக்காது. அதனால் ஹோலோ கார்டு வில்லாக வளையும். சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வளைந்ததைப் புத்தகத்தின் அடியில் வைத்து அழுத்த வேண்டாம், புதிதாக ஒரு பள்ளம் விழலாம். தூசியை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் லேசாகத் தட்டினால் போதும். எந்தத் திரவமும் கூடாது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் விளக்கையும் தகட்டையும் முதலில் வாங்கலாம், லூப் பிறகு. அனுப்பும்போது ஸ்லீவ் போட்டு, டாப்லோடர் என்ற கெட்டி உறைக்குப் பதில், சற்று வளையும் கார்டு சேவர் 1 உறையில் வையுங்கள். பி.எஸ்.ஏ. கேட்பது அதைத்தான். உள்ளே நுழைக்கும்போது கீழ் மூலைகள் மாட்டிக்கொள்ளாமல் உறையின் வாயை நன்றாக விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.