பட்டினப்பாலையைத் தேடிய மூவர்: இணைய நூலகங்கள் குறித்த ஓர் ஒப்பீட்டு அலசல்

காரைக்குடிப் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறேன். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு எந்த இணைய நூலகத்தை முதலில் காட்டுவது என்பதைச் சோதித்துப் பார்த்தே முடிவு செய்வோம் என்று, சென்ற பருவத்தில் மூன்று மாணவர்களோடு சில பிற்பகல்கள் உட்கார்ந்தேன். ஒருவர் பார்வையற்ற முதுகலைத் தமிழ் மாணவர். இன்னொருவர் மவுஸைப் பிடிக்கக் கை ஒத்துழைக்காததால் கீபோர்டை மட்டுமே கொண்டு கணினியை இயக்கும் மாணவி. மூன்றாமவர், எழுத்துகளைப் படித்தறிவதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா உள்ள இளங்கலை மாணவர். நகரத்தார் தம் முன்னோர் வாழ்ந்த ஊராகச் சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையையே சோதனைக்கு எடுத்துக்கொண்டோம். 301 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில், துறைமுகத்தில் பண்டங்கள் வந்து குவியும் பகுதியைத் தேடி, படித்து, நான்கு அடிகளைத் தம் குறிப்பில் பதிந்துகொள்ள வேண்டும் என்பதே மூவருக்கும் கொடுத்த வேலை.

முதலில், பழைய பதிப்புகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் ஒரு மின்னூலகத்தைத் திறந்தோம். அட்டவணையில் நூல் உடனே கிடைத்தது; பக்கங்களும் கண்ணுக்குத் துல்லியமாக இருந்தன. பார்வையற்ற மாணவர், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானுடன் நுழைந்தார். மேலிருந்த பொத்தான்களுக்குப் பெயர் எழுதப்படாததால் அது "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டு போனது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "சார், பக்கம் இருக்குன்னு சொல்லுது, ஆனா உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார். உண்மையும் அதுதான்: கண்ணுக்குத் தெரிந்த எழுத்து முழுவதும் படமே, கணினி படிக்கத்தக்க ஓர் எழுத்துகூட அதில் கிடையாது. மாணவிக்கு வேறு சிக்கல் வந்தது. பக்கம் திருப்பும் அம்பு மவுஸுக்கு மட்டுமே அசைந்தது. டேப் விசையை அழுத்தி அழுத்திப் போனால், இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதற்குத் திரையில் ஓர் அடையாளமும் தெரியவில்லை. மூன்றாம் மாணவர் எழுத்தைப் பெரிதாக்கியபோது ஒவ்வோர் அடியும் திரைக்கு வெளியே ஓடியது. இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளிப் படித்ததில் எந்த அடியில் இருந்தோம் என்பதே அவருக்குத் தவறிப்போனது.

இதனால் ஸ்கேன் நூலகங்கள் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்கள் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகப் பாதுகாக்கப்படுவதை அறிந்த எங்கள் பகுதிக்காரர்களுக்கு, ஒரு பழம்பதிப்பின் பக்கத்தை அப்படியே படமாக எடுத்து வைப்பதன் அருமை நன்றாகத் தெரியும். ஆனால் காப்பது ஒரு வேலை, படிக்கக் கொடுப்பது வேறொரு வேலை. முதலாவது முடிந்தவுடன் இரண்டாவதும் முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம்.

படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளை ஓட்டிவிட்டால் போதாதா என்று உடன் பணிபுரிபவர் ஒருவர் கேட்டார். ஓட்டியும் பார்த்தோம். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களிலும் ணா, றா, னா வடிவங்களிலும் மென்பொருள் தடுமாறியது. புதிய நூல்களின் பிடிஎஃப்பிலும் தொல்லை இருக்கிறது. பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்தவற்றில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே தனியாக நின்றுவிடுவதால், கண்ணுக்குச் 'செலவு' என்று தெரிவது கணினிக்குள் 'ெசலவு' என்று பதிந்திருக்கும். திரைவாசிப்பான் அதைக் குதறித்தான் படிக்கும், தேடினாலும் அகப்படாது.

அடுத்து மதுரைத் திட்டத்துக்கு வந்தோம். 1998 பொங்கலன்று தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்க்கப்பட்டு வளர்ந்த தொகுப்பு இது. இங்கே பாட்டு படமாக இல்லாமல், கணினி படிக்கத்தக்க யூனிகோடு எழுத்தாகவே இருக்கிறது என்ற ஒன்றே மூவருக்கும் வழியைத் திறந்துவிட்டது. பார்வையற்ற மாணவர் 'புரவி' என்று தட்டித் தேடியதும் உரிய அடிக்கே போய் நின்றார். மாணவி கீபோர்டிலேயே அடிகளைத் தெரிவு செய்து படியெடுத்தார். மூன்றாமவர் வரி இடைவெளியைக் கூட்டி, பின்புல நிறத்தை மாற்றி, முதன்முறையாக உதவியில்லாமல் அந்தப் பகுதியை முழுவதும் படித்தார். சங்க இலக்கியத்துக்கு இதைவிட எளிய வழியை நான் பார்க்கவில்லை.

2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கென்றே உருவான இந்த இணைய நூலகம் டெய்சி (கேட்டுப் படிக்க ஏற்ற மின்னூல் வடிவம்), இபப் (பொதுவான மின்னூல் வடிவம்), பிரெயில் வடிவங்களில் நூல்களைத் தருகிறது. உறுப்பினராவதற்குக் குறைபாட்டுக்கான சான்று வேண்டும் என்பதால் முதல் நாளிலேயே எடுத்துப் படித்துவிட முடியாது. ஆனால் காப்புரிமை உள்ள பாடநூல்களும் கிடைக்க வாய்ப்புள்ள இடம் இதுதான். 2012ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத் திருத்தம், இத்தகையோருக்காக நூல்களை ஏற்ற வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள இடமளிக்கிறது. இயலையும் அதிகாரத்தையும் தாண்டித் தாண்டிக் கேட்கும் வசதி டெய்சி வடிவத்தில் இருப்பதால், 300 பக்க உரைநூலுக்கு மதுரைத் திட்டத்தின் எளிய பக்கத்தைவிட இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

கட்டணம் கட்டிப் பெறும் ஆய்விதழ்த் தளங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாங்கள் பார்த்த தளத்தில், உள்நுழைபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் படப் புதிரிலேயே பார்வையற்ற மாணவர் நின்றுவிட்டார். குரல்வழி மாற்று அங்கே வைக்கப்படவில்லை.

மாணவர்கள் வருவதற்கு முன்பே இந்தத் தளங்களைத் தானியங்கிச் சோதனைக் கருவி ஒன்றில் இட்டுப் பார்த்திருந்தேன். ஸ்கேன் மின்னூலகத்துக்கு அது சில பிழைகளை மட்டுமே காட்டியது. படத்துக்கு மாற்றுரை (திரைவாசிப்பான் படிப்பதற்கென எழுதும் விவரம்) இருக்கிறதா, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் வேண்டிய 4.5:1 ஒளி வேறுபாடு இருக்கிறதா என்பதைக் கருவி சொல்லிவிடும். 'பக்கம் 12' என்று மாற்றுரை எழுதிய படத்துக்குள் ஒரு பாட்டு முழுவதும் அடைபட்டுக் கிடப்பதை அது எப்படி அறியும்? ஆகவே புதிதாக ஒரு தளத்துக்குச் சந்தா கட்டுமுன், கருவியின் அறிக்கையோடு, பயன்படுத்தப்போகும் மாணவர் ஒருவர் ஒரு நூலைத் தேடித் திறந்து படித்து முடிக்கும் வரை பக்கத்தில் இருந்து பார்ப்பதையும் நிபந்தனையாக வைக்க வேண்டும் என்று எங்கள் நூலகக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.

ஸ்கேனாக மட்டுமே கிடைக்கும் நூல்களுக்குத் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் திருத்தி ஏற்றும் தளமான தமிழ் விக்கிமூலத்தின் முறையையே பின்பற்றுகிறோம்: பக்கப் படத்தை ஒருபுறமும் எழுத்துணரி தந்த உரையை மறுபுறமும் வைத்துக்கொண்டு, அடி அடியாகத் திருத்துகிறோம். முதல் நூலைப் பார்வையற்ற மாணவரே கேட்டு வாங்கினார். அதில் 40 பக்கங்கள் முடிந்திருக்கின்றன. திருத்திய ஒவ்வொரு பக்கத்தையும் அவர் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகே அடுத்த பக்கத்துக்குப் போகிறோம்.