அளவுக்கோட்டை வெட்டிய நுண்ணங்கிப் பாடத்தளம்: ஒரு நெடுநாள் பயனரின் கருத்து

நுண்ணங்கிகளைக் கற்பிக்கும் இணையப் பாடத்தளம் ஒன்று தன் சந்தாக் கட்டணத்தைக் குறைத்திருப்பதை அறிந்த திருகோணமலை உவர்மலை நண்பர், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தம் மகளுக்கு அதை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். நீண்ட காலமாக அதைப் பயன்படுத்தி வருகிறேன். அதில் எத்தனை பாடங்கள் உள்ளன, கைப்பேசியில் இயங்குமா என்பனவற்றை விளம்பரமே சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அதன் காணொளிகளுக்கு ஈடில்லை. ஒருகல உயிரியான பரமேசியம் தடையில் மோதியதும் தன் உடலிலுள்ள மயிர் போன்ற பிசிர்களை எதிர்த்திசையில் அடித்துப் பின்வாங்கி, வேறு பக்கம் திரும்பிச் செல்வதைப் பாடநூலின் கோட்டுப்படம் ஒருநாளும் காட்டாது. உவர்நீர் வாழ்விகளுக்கான பகுதியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். செறிந்த உப்புநீர் இளஞ்சிவப்பாவதற்கு டுனலியெல்லா என்ற அல்காவும் உப்பை நாடும் ஆர்க்கியாக்களும் (பற்றீரியாக்களைப் போலக் கருவற்ற ஒருகல உயிரிகள்) எவ்வாறு காரணமாகின்றன என்பதை அது படிப்படியாக விளக்குகிறது. 1980 இல் நுண்ணுயிரியலாளர் வோல்ஸ்பி சினாய்த் தீபகற்பக் குட்டையொன்றில் கண்டு விவரித்ததும், 2004 வரை ஆய்வுகூடத்தில் வளர்க்க இயலாதிருந்ததுமான சதுர வடிவ ஆர்க்கியாவையும் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, ஆர்க்கியாக்கள் உயிரினங்களின் தனிக் கிளை என்று 1977 இல் வூஸ், பொக்ஸ் என்ற அறிவியலாளர்கள் ஏன் வாதிட்டார்கள் என்பதில் ஆர்வம் பிறக்க இந்த ஒரு பகுதியே போதும்.

ஆனால் படத்தில் உள்ளது உண்மையில் எவ்வளவு பெரிது என்று காட்டும் சிறு கோடான அளவுக்கோடு அத்தளத்தின் எந்தப் படத்திலும் இல்லை. ஏறத்தாழ 0.1 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள இன்புளுவென்சா வைரசும், 2 மைக்கிரோமீற்றர் நீளமுள்ள குடற் பற்றீரியாவும், 200 மைக்கிரோமீற்றரைத் தாண்டும் பரமேசியமும் திரையை ஒரே அளவில் நிரப்பிக்கொண்டு அடுத்தடுத்து வந்துபோகின்றன. கரிபியனிலுள்ள குவாதலூப்பின் கண்டற் சேற்றுநீரில் மூழ்கிய இலைகளில் கண்டெடுக்கப்பட்டு 2022 இல் அறிவிக்கப்பட்ட தயோமார்கரிட்டா மக்னிபிக்கா என்ற பற்றீரியா, ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்கு வளர்ந்து, வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. குடற் பற்றீரியாவைவிட ஐயாயிரம் மடங்கு நீளமான அதையும் அதே சட்டத்துக்குள் அடைத்துவிட்டால், அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் செய்தியே தொலைந்துவிடுகிறது. பெரும்பாலான பற்றீரியாக்கள் சிறியனவாக இருப்பதற்குக் காரணம், கலத்தினுள் பொருள்கள் பரவலால் நகர்வதும், கலம் பெரிதாகும்போது கனவளவு மேற்பரப்பைவிட விரைவாக ஏறிவிடுவதும் ஆகும். மக்னிபிக்காவோ உட்பகுதியில் பெரும்பங்கைத் திரவம் நிறைந்த புன்வெற்றிடத்துக்கு விட்டுவிட்டுக் குழியவுருவை ஓரத்தில் மெல்லிய படையாக வைத்துக்கொள்வதால் அந்தத் தடையைச் சமாளிக்கிறது. அளவு தெரியாத மாணவிக்கு இந்த விளக்கம் எதற்காகச் சொல்லப்படுகிறது என்றே புரியாது.

இப்படங்களுட் பல ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. மூலப்படத்தின் மூலையில் அளவுக்கோடு தெளிவாக இருக்கிறது. அழகு கெடும் என்று அதை வெட்டியிருக்கிறார்கள் போலும். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நிறமற்ற இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களுக்குச் செயற்கையாக நிறமூட்டியதையும் எங்கும் குறிப்பிடவில்லை. இரண்டையும் சுட்டி எழுதியபோது நன்றி தெரிவித்துப் பதில் அனுப்பினார்கள், படங்கள் மாறவில்லை. இலவசத் தளங்கள் பலவும் இதே குறையுடையவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் பணம் வாங்கிக்கொண்டு கற்பிப்பவரிடம் கூடுதலாக எதிர்பார்ப்பது நியாயமே.

ஆகவே, கட்டணம் பாதியானாலும் வாங்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். அல்காக்களின் பெயரையும் வகைப்பாட்டையும் சரிபார்க்க அல்காபேஸ் என்ற இணையத் தரவுத்தளம் இலவசமாகவே கிடைக்கிறது. யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்கமுள்ள ஆய்விதழ்களில் அளவுக்கோட்டுடன் கூடிய படங்களும் உள்ளன. மகள் அவற்றில் தொடங்கட்டும். என் சந்தாவை மட்டும் நான் புதுப்பிக்கவிருக்கிறேன். உவர்நீர்ப் பகுதிக்கு நிகரான ஒன்றை வேறெங்கும் நான் காணவில்லை. புதுப்பிக்கும் அன்றே அளவுக்கோட்டைப் பற்றி அவர்களுக்கு மீண்டும் எழுதுவேன்.