ராம் ஏற்றினேன், கரகரப்பு போகவில்லை: ஐந்து வருட மியூசிக் கம்ப்யூட்டர் அனுபவம்

2020 கடைசியில் சேர்த்த கம்ப்யூட்டர் இது. ரைசன் 5 3600 பிராசஸர், 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, இசையைப் பதிவு செய்து கலக்க ரீப்பர் மென்பொருள். குறும்படங்களுக்குப் பின்னணி இசை, நண்பர்கள் பாடும் கவர் பாட்டுகள், இவ்வளவுதான் என் வேலை.

இரண்டு வருடம் குறையே இல்லை. அப்புறம் ஒரு பெரிய ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி வாங்கினேன்; வயலின் போன்ற தந்தி வாத்தியங்களின் பதிவு செய்த ஒலித் தொகுப்பு அது. இந்த வகை லைப்ரரிகள் ஒவ்வொரு சாம்பிளின் (பதிவு செய்த ஒலியின்) தொடக்கத்தை மட்டும் ராமில் வைத்துக்கொண்டு, மீதியை டிஸ்க்கிலிருந்து படிக்கும். தொடக்கம் மட்டும்தானே என்று நினைத்தால், வயலின் முதல் டபுள் பாஸ் வரை எல்லா வாசிப்பு வகையையும் ஏற்றியதும் 16 ஜிபி நிரம்பிவிட்டது. பிளே அழுத்தினால் முதல் தடவை திக்கும், இரண்டாம் தடவை ஒழுங்காக ஓடும்.

பழைய இரண்டு 8 ஜிபி ராம் ஸ்டிக்கோடு வேறு செட்டில் இன்னும் இரண்டு போட்டேன். நான்கும் சேர்ந்து 3200 வேகத்தில் நிற்கவில்லை, நடுவேலையில் நீலத்திரை. 2666-க்கு இறக்கியதும் அடங்கியது. வேகம் குறைந்ததால் என் வேலையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. கடைசியில் நான்கையும் விற்று, 32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்கினேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

திக்கல் போனது. குரல் பதிவின்போது வரும் கரகரப்பு போகவில்லை.

பாடுபவர் ஹெட்போனில் தன் குரலைத் தாமதமில்லாமல் கேட்க வேண்டுமானால் பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குக் கணக்கிடும் ஒலித்துண்டின் அளவை, 128 சாம்பிளுக்கு இறக்க வேண்டும் (இங்கே சாம்பிள் என்பது ஒலியின் ஒரு நுண்ணிய அளவீடு). 48 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 2.7 மில்லிசெகண்ட். அதற்குள் கணக்கு முடியாவிட்டால் பட்பட் என்று சத்தம். டாஸ்க் மேனேஜரோ பிராசஸர் சுமை முப்பது சதவீதம்தான் என்று காட்டும்! ஆறு கோர் இருந்தும், ஒரே டிராக்கில் வரிசையாக மாட்டிய பிளக்இன்கள் (ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்கள்) ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. இலையில் சோறு விழாமல் சாம்பார் ஊற்ற முடியுமா? ரீப்பர் மற்ற டிராக்குகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும்; ரெக்கார்டுக்குத் தயாராக வைத்த டிராக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒற்றைக் கோரின் வேகம்தான் பேசும்.

2023-ல் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்து, அதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் பிராசஸரை மாட்டினேன். பஃபர் 256-ல் முனகிய புராஜெக்ட் 128-ல் ஓடியது. கூடுதலாக வந்த இரண்டு கோரைவிட, ஒவ்வொரு கோரும் வேகமானதுதான் எனக்கு உதவியது. இதுவும் 65 வாட் என்பதால் கூலர் சத்தம் போடுவதில்லை. ஏப்ரல் வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் குரல் பதிவு செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்போதும் எப்போதாவது ஒரு சொடுக்குச் சத்தம் மிச்சம் இருந்தது. எந்த டிரைவர் ஒலியைத் தடுக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளில் பார்த்தால், காரணம் வைஃபை டிரைவர். ரெக்கார்டிங்கின்போது வைஃபையை அணைக்கிறேன், செலவு பூஜ்யம். எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டரில் ஓவர்சாம்பிளிங் லிமிட்டர் என்ற கனமான பிளக்இனை வைத்துக்கொண்டே ரெக்கார்ட் செய்வதையும் விட்டேன்.

இப்போது பெரிய ஸ்ட்ரிங்ஸ் புராஜெக்ட்டில் ராம் 40 ஜிபி வரை போகிறது. பியானோ, தபேலா, குரல் மட்டும் என்றால் 12-ஐத் தாண்டுவதில்லை. பழைய 3600 தம்பியின் கம்ப்யூட்டரில் 16 ஜிபியோடு ஓடுகிறது. அவன் பீட் மட்டும்தான் செய்கிறான், மைக்கே கிடையாது. இதுவரை ஒரு தடங்கலும் இல்லை என்கிறான்.