பறக்காத லங்காஸ்டரில் ஏறலாமா? ஈஸ்ட் கிர்க்பி டாக்ஸி ரன் ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் ஈஸ்ட் கிர்க்பியில் நிற்கும் லங்காஸ்டர், இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம், பறக்காது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. அங்குள்ள அருங்காட்சியகமான லிங்கன்ஷயர் ஏவியேஷன் ஹெரிடேஜ் சென்டர் தருவது 'டாக்ஸி ரன்'. நான்கு மெர்லின் இன்ஜின்களையும் கிளப்பி, உங்களை உள்ளே உட்காரவைத்து, போரின்போது இதே ரக விமானங்கள் புறப்பட்டுப் போன அதே தளத்தில் தரையிலேயே ஓட்டிக் காட்டுவார்கள். சக்கரம் மண்ணை விட்டு எழாது.

அப்படியிருந்தும் இதற்கு ஏன் இத்தனை கிராக்கி என்றால், மொத்தம் 7,377 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டு, இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று கோனிங்ஸ்பி தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படையான ஆர்.ஏ.எஃப் வைத்திருக்கும் பிஏ474. மற்றது கனடாவின் ஹாமில்டனில் இருக்கும் எஃப்எம்213. கனடா விமானத்தில் பணம் கட்டியவர்களை ஏற்றிப் பறப்பது வழக்கம். ஆர்.ஏ.எஃப் விமானத்தில் பொதுமக்களுக்கு இடமில்லை. பிரிட்டனில் ஒரு லங்காஸ்டருக்குள், இன்ஜின் ஓடும்போது உட்கார வேண்டுமானால் ஈஸ்ட் கிர்க்பிதான்.

இங்குள்ள விமானத்தின் எண் என்எக்ஸ்611, செல்லப்பெயர் 'ஜஸ்ட் ஜேன்'. 1945இல் லாங்பிரிட்ஜில் ஆஸ்டின் நிறுவனம் கட்டியது. ஜப்பானுக்கு எதிராக அனுப்பத் திட்டமிட்டிருந்த டைகர் ஃபோர்ஸ் என்ற குண்டுவீச்சுப் படைக்கு என்று தயாரானது, அதற்குள் போர் முடிந்துவிட்டது. பிறகு பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து நியூ கலிடோனியா வரை போய் உழைத்து, ஆஸ்திரேலியா வழியாக 1965இல் இங்கிலாந்து திரும்பியது. கொஞ்ச காலம் ஸ்கேம்ப்டன் விமானப்படைத் தள வாசலில் காவல் பொம்மையாக நின்றது. ஆக, இது ஜெர்மனி மீது ஒரு குண்டுகூடப் போடாத லங்காஸ்டர். போர்க்களம் கண்ட விமானம்தான் வேண்டும் என்பவர்கள் லண்டன் ஹென்டனில் ஆர்.ஏ.எஃப் மியூசியத்துக்குப் போய், 137 தாக்குதல்களுக்குச் சென்று வந்த ஆர்5868ஐப் பார்க்கலாம். ஆனால் அது கயிற்றுக்கு அப்பால் அசையாமல் நிற்கிறது.

டாக்ஸி ரன்னின் முக்கால்வாசி ருசி இன்ஜின் கிளப்புவதில்தான். அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டு போனால் காசு வீண்போகாது. மெர்லின் குளிர்ந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடாது. முதலில் பெட்ரோலைக் கையால் பம்ப் செய்து உள்ளே அனுப்ப வேண்டும். லங்காஸ்டரில் அந்த பம்ப் காக்பிட்டில் இல்லை, உள்பக்க இன்ஜின்களின் சக்கரக் குழிக்குள் இருக்கிறது. அதனால் தரைப் பணியாளர் ஒருவர் டயர்மேல் கால் வைத்து ஏறி, தலையையும் தோளையும் குழிக்குள் நுழைத்துப் பம்ப் அடிப்பார். ஒரு தள்ளுவண்டி பேட்டரியிலிருந்து மின்சாரம். பெரும்பாலும் வலது உள்பக்க இன்ஜின் முதலில் கிளம்பும். பிரேக்குக்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரெஸர் அந்த இன்ஜினில்தான் மாட்டியிருக்கிறது என்பதே காரணம். பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகப் போயிருந்தால் புகைபோக்கி வழியாக ஒரு விநாடி தீ நாக்கு நீட்டும், பின்னாலேயே புகை மேகம். பயப்பட ஒன்றுமில்லை. தீயணைப்புக் கருவியோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்பார்.

நான்கும் ஓடத் தொடங்கியதும் விமானம் உடனே நகராது. எண்ணெயும் குளிர்விப்பு நீரும் சூடாகும்வரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 சுற்றில் வைத்திருப்பார்கள். அடுத்தது மேக்னெட்டோ சோதனை, அதாவது ஸ்பார்க் ப்ளக்குகளுக்கு மின்சாரம் தரும் கருவியைச் சோதிப்பது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் ப்ளக், ஒரு இன்ஜினுக்கு 24, மொத்தம் 96. ஒரு மேக்னெட்டோவை அணைத்தால் சுற்று லேசாகத்தான் இறங்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் எங்கோ ப்ளக்கில் எண்ணெயும் கரியும் படிந்திருக்கிறது என்று பொருள். மெதுவாக ஓடும் மெர்லினுக்கு இது தொழில்முறை நோய், டாக்ஸி ரன்னோ முழுக்க முழுக்க மெதுவான ஓட்டம். நடுவில் பைலட் திடீரென்று வேகம் கூட்டினால் உங்களுக்காக வித்தை காட்டுகிறார் என்று மட்டும் நினைக்காதீர்கள். ப்ளக்கைச் சுட்டுச் சுத்தம் செய்யவும் அது வேண்டும்.

இன்னொரு தொல்லை சூடு. ரேடியேட்டர்கள் பறக்கும்போது வீசும் காற்றை நம்பி வடிவமைக்கப்பட்டவை. தரையில் அந்தக் காற்று கிடைப்பதில்லை. வெயில் நாளில் வெப்பமானியின் முள் ஏறினால் ஓட்டத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்புவார்கள், அதில் தவறில்லை. பிரேக்கும் அப்படியே. ஒவ்வொரு திருப்பத்திலும் 'புஸ்... புஸ்...' என்று காற்று செலவாகும். கெட்டிக்கார பைலட் வெளிப்பக்க இன்ஜின்களைக் கூட்டிக் குறைத்தே பாதித் திருப்பங்களை முடித்துவிடுவார். அந்த 'புஸ்' எத்தனை முறை கேட்கிறது என்று கவனித்தால் ஓட்டுபவரின் கைப்பழக்கம் தெரிந்துவிடும்.

இனி உள்ளே. கதவு வலப்புறம், வாலுக்குச் சற்று முன்னால். ஏறியதும் தரை மூக்கை நோக்கி மேடாகப் போகும், ஏனென்றால் விமானம் வால் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. காலுக்கடியில் இருப்பது பத்து மீட்டர் நீளக் குண்டு அறையின் கூரை. காக்பிட்டுக்குப் போகும் வழியில் இறக்கையைத் தாங்கும் பிரதான ஸ்பார், உடலை ஊடறுத்துக் குறுக்கே நிற்கும். அதன்மேல் ஏறி, குனிந்து, ஒரு காலை அந்தப்பக்கம் போட்டு இறங்க வேண்டும். முழங்காலிலோ இடுப்பிலோ கோளாறு உள்ளவர்கள் ஸ்பாருக்குப் பின்னால் உள்ள இடத்தைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

எந்த இடத்தில் உட்காரலாம் என்பதை முன்பதிவின்போதே பேசிவிடுங்கள். எங்கள் வரிசையில் முதலிடம், இன்ஜின்களைக் கண்காணிக்கும் ஃப்ளைட் இன்ஜினியரின் இடம். பைலட்டுக்குப் பக்கத்தில், வலப்புறம். த்ராட்டில் கைப்பிடிகள் நகர்வதும், அதற்கேற்ப வலப்பக்க இன்ஜின்கள் குரல் மாற்றுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். மேல்நடுத் துப்பாக்கிக் கூண்டில் இருக்கை என்பது ஒரு கான்வாஸ் பட்டை, ஆனால் நாலாபுறமும் காட்சி. வால் கூண்டு தனிமை, தலையைத் திருப்பினால் இரட்டை வால் சுக்கான்கள் ஆடுவது தெரியும். வழி கணிக்கும் நேவிகேட்டரின் மேசையிலிருந்து வெளியே எதுவுமே தெரியாது. விளக்கொளி வெளியே கசியாமலிருக்கத் திரை போட்டு, எட்டு மணி நேரம் பென்சிலோடு மல்லாடிய இடம் அது. புகைப்படம் எடுக்க வந்தவர்களுக்கு அது வேண்டாம். அந்த வேலை எப்படி இருந்தது என்று உணர விரும்புபவர்களுக்கு அதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

மூக்குப் பகுதியை எட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தரையில் உள்ள அவசரக் கதவைப் பாருங்கள். அகலம் 22 அங்குலம், அதாவது 56 சென்டிமீட்டர். போரின்போது ஆர்.ஏ.எஃப்பின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் புள்ளிவிவர ஆய்வு செய்த ஃப்ரீமன் டைசன், ஹாலிஃபாக்ஸ் என்ற இன்னொரு குண்டுவீச்சு ரக விமானங்கள் வீழ்த்தப்பட்டபோது ஏறக்குறைய 25 சதவீதம் பேர் தப்பினார்கள், லங்காஸ்டரில் 15 சதவீதமே என்று கண்டார். ஹாலிஃபாக்ஸின் கதவு இரண்டு அங்குலம் அகலம் அதிகம். தடித்த பறப்புடை, பாராசூட் வார் எல்லாம் மாட்டிய ஒருவரை மனதுக்குள் அந்த ஓட்டையில் இறக்கிப் பாருங்கள். பாம்பர் கமாண்டின் 1,25,000 விமானக் குழுவினரில் 55,573 பேர் மாண்டார்கள் என்ற கணக்கு எந்தப் பலகையிலும் கிடைக்கும். அதற்கான காரணங்களில் ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்க இங்கேதான் முடியும்.

போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் என்ற பெயரில் நவம்பர் மாதத்தில் பிரிட்டன் தொலைக்காட்சியில் நடப்பதோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. எக்ஸ் ஃபேக்டர் என்ற பாட்டுப் போட்டி ஓடிய காலத்தில் நேரலைச் சுற்றுகள் சரியாக நினைவு நாளான 11ஆம் தேதியை ஒட்டி வரும். நடுவர்கள் சட்டையில் நினைவுச் சின்னமான பாப்பி பூ, 2010இல் கல் பதித்துப் பளபளக்கும் பாப்பி பூக்கள். 2008, 2010 ஆண்டுகளின் இறுதிச்சுற்றுப் போட்டியாளர்கள் படைவீரர் நலனுக்காக இசைத்தட்டும் வெளியிட்டார்கள். நல்ல பணம் சேர்ந்தது, அதை மறுக்கவில்லை. 2019இல் பிரிட்டன்ஸ் காட் டேலண்ட் என்ற திறமைப் போட்டியின் பட்டத்தை 89 வயது கொலின் தாக்கரி வென்றார். கொரியப் போர் கண்ட பீரங்கிப் படைவீரர், செல்சி ஓய்வூதியர், அதாவது லண்டன் செல்சியில் முன்னாள் படைவீரர்களுக்கான இல்லத்தில் வசிப்பவர். அவர் குரலிலும் மரியாதையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அந்த நிகழ்ச்சிகளின் சமையல் முறையில்: முதலில் கண்ணீர்க் கதை, பின்னணியில் மெல்லிய பியானோ, நடுவரின் ஈரக் கண்களுக்கு ஒரு குளோசப், பிறகுதான் பாட்டு. எப்போது உருக வேண்டும் என்பதைப் பார்வையாளர் தீர்மானிக்க வேண்டியதே இல்லை.

இந்த இடத்துக்கும் அப்படியொரு கதை உண்டு. மையத்தைத் தொடங்கிய ஃப்ரெட், ஹெரால்ட் பாண்டன் சகோதரர்களின் அண்ணன் கிறிஸ்டோபர், ஹாலிஃபாக்ஸில் ஃப்ளைட் இன்ஜினியர். 1944 மார்ச் 30-31 இரவு நியூரம்பர்க் தாக்குதலில் இறந்தார். விவசாயிகளான தம்பிகள் இருவரும் 1983இல் இந்த லங்காஸ்டரையே விலைக்கு வாங்கினார்கள். தொலைக்காட்சிக்குக் கிடைத்திருந்தால் மூன்று நிமிட வயலின் நிச்சயம். இங்கே அதைச் சொல்லிவிட்டு உடனே எண்ணெய் அழுத்தத்துக்குப் போய்விடலாம், ஏனென்றால் அந்த அண்ணனின் வேலையே எண்ணெய் அழுத்தம் பார்ப்பதுதான்.

இன்னொன்றும் ஏறும்முன் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குழுக்கள் எப்படிச் சேர்ந்தன? பயிற்சித் தளத்தில் பைலட், நேவிகேட்டர், வயர்லெஸ் ஆபரேட்டர், குண்டு எறிபவர், கன்னர் என்று எல்லோரையும் ஒரு பெரிய கொட்டகையில் விட்டு, 'நீங்களே ஜோடி சேர்ந்துகொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுவார்கள். மேடையும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. முகம் பிடித்தது, பேச்சு பிடித்தது, அவ்வளவே. ஃப்ளைட் இன்ஜினியர் மட்டும் பின்னால் வந்து சேர்வார். இப்படிச் சேர்ந்த ஏழு பேர்தான் முப்பது தாக்குதல் என்ற ஒரு சுற்றை முடிக்கக் கிளம்பினார்கள். ஸ்பாரைத் தாண்டிப் போகும்போது, முன்பின் தெரியாத மற்ற பயணிகளோடு முட்டி மோதி 'சாரி' சொல்வீர்கள் பாருங்கள், இந்தத் தகவல் அப்போதுதான் உறைக்கும்.

விலை? தரையில் ஓடும் ஒரு சவாரிக்கு அது கனமான தொகைதான். ஆனால் பணம் எங்கே போகிறது என்பது கண்ணுக்கெதிரே தெரிகிறது. குளிர்காலங்களில் விமானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, துருப்பிடித்த தகடுகளையும் ஆணிகளையும் மாற்றி, என்றாவது ஒருநாள் பறக்கவிடும் நோக்கத்தோடு வேலை நடக்கிறது. அவ்வளவு செலவழிக்க மனமில்லாதவர்கள் வெறும் நுழைவுச்சீட்டோடு, ஓட்டம் நடக்கும் நாளில் வெளியே நின்று பார்க்கலாம். ஒலியை மட்டும் வைத்துச் சொன்னால் வெளியேதான் சிறப்பு. உள்ளே கேட்பது இசை அல்ல, அதிர்வு.

காதடைப்பான் கட்டாயம். செருப்பு வேண்டாம், தட்டையான ரப்பர் அடி கொண்ட ஷூ போடுங்கள். பாவாடையும் நீள அங்கியும் ஸ்பாரில் சிக்கும். எண்ணெய் சொட்டினால் வருந்தாத உடை போடுங்கள். வெறும் எடையே 16 டன்னைத் தாண்டும் என்பதால், நல்ல மழைக்குப் பிறகு தரை ஊறியிருந்தால் ஓட்டம் ரத்தாகலாம். பலத்த காற்றும் கோளாறும் தனி. ரத்தானால் வேறு தேதியா, பணமா என்பதை முன்பதிவிலேயே எழுத்தில் வாங்குங்கள், அந்த ஒரு நாளை நம்பி வெளிநாட்டிலிருந்து வர வேண்டாம். ரயிலில் வருபவர்கள் பாஸ்டனிலோ ஸ்கெக்னஸிலோ இறங்கி வாடகைக் கார் பிடிக்க வேண்டும்.

பக்கத்திலேயே கோனிங்ஸ்பி. அங்கே வழிகாட்டியோடு கொட்டகையைச் சுற்றிப் பார்க்கலாம். 1940இல் ஜெர்மன் விமானப்படையோடு நடந்த பிரிட்டன் சண்டையில் பறந்த பி7350 ஸ்பிட்ஃபயர் போர் விமானமும், கடைசியாகக் கட்டப்பட்ட ஹரிக்கேன் போர் விமானமான பிஇசட்865உம் அங்கேதான் குடியிருக்கின்றன. ஆனால் கோடையில் விமானங்கள் நிகழ்ச்சிகளுக்குப் பறந்துவிடும். வாரநாள் ஒன்றில், அன்று எவையெவை கொட்டகையில் நிற்கும் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.